நெரிசலுக்குக் காரணம்

அந்த மனிசனை ஒருத்தரும் சும்மா கடந்து போனதில்லை. சண்டியன் எண்டு நினைச்சுப்போடாதையுங்கோ. ஒல்லியான ஆள், நீலச் சாரம், தோளிலை ஒரு துவாய். காலமை ஆறரைக்கே ஒழுங்கைக் கரையிலை தன்ரை வீட்டு வாசல் படலையடிக்கு வந்திடுவார். கையிலை தடியும் இல்லை, பொல்லும் இல்லை. வாயிலை ஒரேயொரு சொல்லுத்தான் வைச்சிருந்தவர். "தூரமோ?"

தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். யாழ்ப்பாணத்திலை வெளிக்கிட்டுப் போற ஆளைப் பாத்து "எங்கை போறியள்" எண்டு கேக்கப்படாது. கேட்டால் போற காரியம் பிழைச்சுப்போகும் எண்டு எங்கடை சனத்துக்கு ஒரு பயம். அதுக்காக ஒருத்தர் எங்கை போறார் எண்டு தெரியாமல் இருக்கவும் எங்கடை சனத்தாலை ஏலாது. அதாலைதான் "தூரமோ?" எண்டு கேக்கிறது. போற ஆள் "இல்லை, உதிலைதான்" எண்டு, கிட்டத்தான் எண்ட மாதிரிச் சொல்லிப்போட்டுப் போவார். ரெண்டு பேருக்கும் மரியாதை, ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியவராது. நல்ல ஏற்பாடு.

உவருக்கு அவ்வளவு மறுமொழி காணாது. "உதிலையெண்டால்?" எண்டு அடுத்த கேள்வி வரும். அதுக்கிடையிலை சையிக்கிள் ஹாண்டிலிலை கை வைச்சிடுவார். ஓடுற ஆளோடை கதைக்கிறது மரியாதையில்லை எண்டது அவற்றை கொள்கை. சையிக்கிள் எண்டால் ஹாண்டில், மோட்டச்சைக்கிள் எண்டால் கண்ணாடி, லொறி எண்டால் கதவுப்பிடி. பாடையோடை போனவையையும் ஒருக்கால் "தூரமோ?" எண்டு கேட்டவராம். அதை நான் காணேல்லை, ஆனால் நம்புறன்.

நான் அப்ப பிரதேச சபையிலை ரி.ஓ., தொழில்நுட்ப உத்தியோகத்தர். றோட்டு, மதகு, வாய்க்கால் எல்லாம் அளந்து பிளான் கீறுற வேலை. கொடிகாமத்துக்கு அங்காலை ஒரு கிராமத்து ஒழுங்கையை அகட்டச் சொல்லி மனு வந்திருக்கு, போய் வாகனத்தை எண்ணிக்கொண்டு வா எண்டு அனுப்பிவிட்டினம். கொக்குவில்லிலையிருந்து விடியவெள்ளன எழும்பிப் போற எரிச்சல் எனக்கு. சந்தைக்குப் போற குறுக்குவழி அது. பத்தடி அகலம், ரெண்டு பக்கமும் மதில். காலமை ஏழு தொடக்கம் எட்டரை வரைக்கும் சொல்லேலாத நெரிசல் எண்டு மனுவிலை கிடந்தது. அகட்டுறதெண்டால் ரெண்டு பக்கத்தாலையும் அஞ்சஞ்சடி எடுக்கவேணும்.

ஸ்கூட்டியை நிப்பாட்டி ஹெல்மெட்டைக் கழட்டேல்லை, பக்கத்திலை குரல் கேட்டது.

"தூரமோ பிள்ளை?"

"இல்லை ஐயா, இந்த ஒழுங்கைக்குத்தான் வந்தனான். அகட்டுறதுக்கு வாகனம் எண்ண."

"அப்ப எங்கடை ஆள்" எண்டு உள்ளுக்கை போய்க் கதிரை ஒண்டு தூக்கிக்கொண்டு வந்தார். பேந்துதான் தெரிஞ்சது, மனு எழுதினதே அவர்தான். ஒழுங்கையாலை போன வந்த எல்லாரையும் படலையடியிலை மறிச்சு, ஒவ்வொருத்தருக்கும் மனுவை முதலிலையிருந்து கடைசிவரை வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வேண்டினவராம். அந்த ஒழுங்கை கண்டதிலேயே பெரிய நெரிசல் அண்டைக்குத்தானாம். அதையும் மனுவின்ரை கடைசிப் பந்தியிலை சேர்த்திருந்தார்.

ஏழு பத்துக்கு ஒரு வாத்தியார் மோட்டச்சைக்கிளிலை வந்தார்.

"தூரமோ மாஸ்ரர்?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான் அண்ணை." ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு அதே பள்ளிக்கூடத்துக்குப் போற மனிசன்.

"அது தெரியும். பின்னேரம்?"

பின்னேரம் மாஸ்ரர் சாவகச்சேரிக்குப் பல்லுக் காட்டப் போறார். எந்தப் பல்லு எண்டு ஐயா கேட்டார். மாஸ்ரர் ஹெல்மெட்டைக் கழட்டி வாயைத் திறந்து காட்டினார். அதுக்கிடையிலை பின்னாலை ஒரு பள்ளிக்கூட வான், அதுக்குப் பின்னாலை பூசணிக்காய் ஏத்தின லான்ட்மாஸ்ரர் உழவுமிசின், அதுக்கும் பின்னாலை தேங்காய் லொறி. எதிர்ப்பக்கத்தாலை ரெண்டு ஓட்டோ. ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கேல்லை. லொறிக்காரன் தலையை வெளியிலை போட்டு, "கடைவாய்ப் பல்லெண்டால் புடுங்கிறதுதான் நல்லது மாஸ்ரர்" எண்டு தன்ரை அபிப்பிராயத்தையும் சொன்னான்.

ஐயா என்ரை பக்கம் திரும்பினார். "பாத்தியளே பிள்ளை. இதுதான் நான் எழுதினது. சனம் எவ்வளவு அந்தரப்படுகுது. றோட்டு சரியான ஒடுக்கம்." மாஸ்ரற்றை கண்ணாடியிலை அவற்றை கை அப்பிடியே கிடந்தது.

நான் மடியிலை கிடந்த படிவத்தைப் பாத்தன். ஏழாம் நிரல்: நெரிசலுக்குக் காரணம். பேனையைத் திறந்தன். திரும்ப மூடினன்.

படலைக்கு நேர் முன்னாலை, மற்றப் பக்கத்து மதிலுக்கு உள்ளாலை ஒட்டி ஒரு தகரக் கொட்டில். அதிலை ஒரு அக்கா இடியப்பம் அவிச்சு விக்கிறவ. மனிசன் இல்லை, ரெண்டு பெட்டையள் படிக்கினம், எல்லாம் அந்த அடுப்பாலைதான். அஞ்சடி எடுத்தால் கொட்டிலும் போகும், அடுப்பும் போகும். ரெண்டாம் நாள் நான் அளவுநாடாவை அவவின்ரை மதிலிலை வைக்க, இடியப்பத் தட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு வெளியிலை வந்தா.

"தங்கச்சி, றோட்டு ஒடுக்கமில்லை. உவருக்கு வாய் அகலம்."

"அப்ப ஏனக்கா மனுவிலை கையெழுத்து வைச்சனீங்கள்?"

"வைக்காமல் தப்பேலுமே? அடுப்பிலை இடியப்பம் அவியுது, உவர் ரெண்டாம் பந்தி வாசிக்கிறார். வைச்சுப்போட்டு ஓடி வந்திட்டன்." தட்டை இறக்கி வைச்சுப்போட்டுக் குரலைத் தாழ்த்தினா. "ஆனால் உள்ளதைச் சொல்லவேணும். உவர் மறிக்கிற சனம்தான் என்னட்டை இடியப்பம் வேண்டுது. சும்மா நிக்கிற ஆக்கள் எவ்வளவு நேரம் சும்மா நிப்பினம்? எனக்கு நெரிசலும் வேணும், கொட்டிலும் வேணும். உதுக்கு உங்கடை பேப்பரிலை இடமிருக்கோ?"

அப்பிடி ஒரு நிரல் எங்கடை படிவத்திலை இல்லை.

அவவின்ரை கதையை ஒரு பக்கக் கதையெண்டு வைச்சாலும், அடுத்த கிழமை ஐயா வவுனியாவுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். அண்டைக்கும் அதே மாஸ்ரர், அதே வான், அதே லான்ட்மாஸ்ரர், அதே தேங்காய் லொறி. எல்லாம் வந்தது, எல்லாம் போனது. ஏழரைக்கு ஒழுங்கையிலை ஒரு கோழி மட்டும் நிண்டது. அக்காவுக்கு அரைவாசி இடியப்பம் மிஞ்சி, மத்தியானமும் நான் இடியப்பம்தான் சாப்பிட்டன். இதுக்குமேலை என்ன கணக்குப் பாக்கக் கிடக்கு?

உவரைப் பற்றி ஊரிலை ஒருத்தரிட்டையும் குறை சொல்லேலாது எண்டதையும் சொல்லவேணும். நான் ஒருக்கால் லொறிக்காரனிட்டை, "உவரோடை உங்களுக்குக் கரைச்சலில்லையோ?" எண்டு கேட்டன். அவன் என்னைச் சந்தேகமாப் பாத்துப்போட்டுத் தண்ணிப்பம்புக் கதையைச் சொன்னான். தோட்டத்திலையிருந்து ஒரு களவெடுத்த பம்பைச் சையிக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு ஒருத்தன் விடியக்காலமை உந்த ஒழுங்கையாலை போயிருக்கிறான். ஐயா வழக்கம்போலை "தூரமோ தம்பி?" எண்டு கேட்டிருக்கிறார். கள்ளனெண்டாலும் அவனும் யாழ்ப்பாணத்தான்தானே. வெளிக்கிட்ட நேரம் கேட்டதுக்கு மறுமொழி சொல்லாமல் போகப் பயந்து, காலை ஊண்டி, "உதிலைதான் ஐயா" எண்டிருக்கிறான். உதிலையெண்டால் எவடம், பம்பு பழுதோ, என்ன பழுது, ஆரிட்டைத் திருத்தக் குடுக்கிறாய், அவன் சரியான பிந்தலெல்லோ எண்டு கதை போய்க்கொண்டிருக்க, பம்புச் சொந்தக்காரன் பின்னாலை வந்து நிண்டிட்டான். ஐயாவுக்குக் கடைசிவரைக்கும் அவன் கள்ளனெண்டு தெரியாதாம். பொலிஸ் கொண்டுபோகேக்கையும், "பாவம், நல்லாக் கதைச்சுக்கொண்டு நிண்ட பெடியன்" எண்டவராம்.

எனக்குச் சங்கடம் அங்கைதான் தொடங்கினது. ஏழாம் நிரலிலை உண்மையை எழுதினால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். பாதையிலை நிண்டு போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்யிறியள் எண்டு சபையாலை அவருக்கு ஒரு கடிதம் போகும். மனிசி இல்லை, பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டிலை, அஞ்சறை வீட்டிலை தனிய இருக்கிற ஆள். கடிதத்தைக் கண்டால் படலையைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருந்திடுவார். "ஒடுக்கம்" எண்டு எழுதினால் அக்காவின்ரை அடுப்பு நூரும். ஏழாம் நிரல் வெறுமையாய்க் கிடக்க, மேலிடத்திலையிருந்து என்ஜினியர் நேரை வந்து நெரிசலைப் பாக்கப்போறார் எண்டு தகவல் வந்திட்டுது.

நான் ஒரு சுத்துமாத்துச் செய்தன். முதல்நாள் பின்னேரம் போய், "ஐயா, நாளைக்கு என்ஜினியர் வாறார். அவர் நிக்கிற நேரம் நீங்கள் ஒருத்தரோடையும் கதைக்காதையுங்கோ. அவர் தன்ரை பாட்டுக்குப் பாக்கட்டும்" எண்டன். நெரிசலைக் காணாட்டில் அவர் பைலை மூடிப்போடுவார், கொட்டில் தப்பும், ஐயாவுக்கும் கடிதம் போகாது. என்ரை மூளையை நானே மெச்சிக்கொண்டன்.

"ஒருத்தரோடையுமோ?" எண்டு கேட்டார்.

"ஒருத்தரோடையும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்டரை மணித்தியாலம் ஐயா."

துவாயை எடுத்து மற்றத் தோளிலை போட்டார். "சனத்துக்கு நல்லது நடக்குதெண்டால் பொறுக்கத்தானே வேணும்" எண்டார்.

அடுத்த நாள் வெள்ளை வேட்டியும் சேட்டும் போட்டு, கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு, சொண்டை இறுக்கிப் பிடிச்சபடி படலையடியிலை நிண்டார். ஜீப் வந்து அவற்றை மதிலோடை ஒதுங்கினது. என்ஜினியர் இறங்கினார், நல்ல மனிசன், கொஞ்சம் அவசரக்காரன். மாஸ்ரர் வந்தார். வழக்கத்திலை காலை ஊண்டப் பாத்தார். ஐயா கையாலை "போ, போ" எண்டு காட்டினார். மாஸ்ரர் பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனார். வானும் போனது, லான்ட்மாஸ்ரரும் போனது. தேங்காய் லொறிக்காரன் கதவுப்பிடியை அவருக்குக் கிட்டவாக் கொண்டுவந்து குடுத்தும் பாத்தான். ஐயா மற்றப் பக்கம் திரும்பிட்டார். அவற்றை நெத்தியிலை வேர்வை வழியுது. என்ரை வாழ்க்கையிலை அப்பிடியொரு பாவத்தை நான் ஒருத்தருக்கும் செய்ததில்லை.

எட்டு மணிக்கு என்ஜினியர் மணிக்கூட்டைப் பாத்தார். "என்ன தங்கச்சி, இதிலை எங்கை நெரிசல்? ஆரோ வேலையில்லாத ஆள் மனு எழுதியிருக்கிறான். பைலை மூடிவிடுங்கோ."

கொட்டில் வாசலிலை நிண்ட அக்காவுக்கு முகம் மலர்ந்திட்டுது. எனக்கும் மூச்சு வந்தது. என்ஜினியர் ஜீப்பிலை ஏறினார். ட்ரைவர் ஜீப்பை ஒழுங்கை நடுவுக்கு எடுத்தான். சில்லு ரெண்டு தரம் உருண்டிருக்கும்.

"தூரமோ?"

அது அவரைக் கேட்டு வந்ததில்லை. தும்மல் வந்த மாதிரி வந்திட்டுது. ட்ரைவர் சட்டெண்டு பிறேக் அடிச்சான். என்ஜினியர் கண்ணாடியை இறக்கி, "இல்லை ஐயா, உதிலைதான். கந்தோருக்கு" எண்டார்.

"கதையைப் பாத்தால் வடமராட்சி மாதிரிக் கிடக்கு" எண்டார் ஐயா. கை கண்ணாடிக்கு வந்திட்டுது.

வடமராட்சிதான். பெண் எடுத்தது மிருசுவில்லிலை. மிருசுவில்லிலை எவடம்? கோயிலடி. கோயிலடியிலை ஆற்றை பிள்ளை? பத்து நிமிசத்திலை என்ஜினியற்றை மனிசியின்ரை பெரியப்பாவும் ஐயாவும் ஒரே வகுப்பிலை படிச்சவையெண்டு பிடிச்சிட்டார். இருபதாவது நிமிசம் பெரியப்பாவின்ரை ரெண்டாவது மகளின்ரை கலியாணம் ஏன் குழம்பினது எண்டதிலை நிண்டினம். ஜீப்புக்குப் பின்னாலை வேறை ஒரு வான், வானுக்குப் பின்னாலை வேறை ஒரு லொறி, முன்னாலை ஓட்டோக்கள், சந்தையாலை திரும்பி வந்த லான்ட்மாஸ்ரர். இறங்கி வந்த சனம் கலியாணக் கதையிலை தங்களுக்குத் தெரிஞ்சதையும் சேர்த்தது. அக்காவின்ரை இடியப்பம் ஒண்டும் மிஞ்சேல்லை. வித்து முடிச்சுப்போட்டு அவ என்னைப் பாத்த பார்வை இண்டைக்கும் என்ரை கண்ணுக்கை நிக்குது.

என்ஜினியர் மெல்லத் தலையை வெளியிலை விட்டு முன்னையும் பின்னையும் பாத்தார். "ஐயோ தங்கச்சி, பொல்லாத நெரிசல். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இதைக் கட்டாயம் அகட்டத்தான் வேணும்" எண்டார். ஐயா என்னைப் பாத்துப் பெருமையாத் தலையாட்டினார்.

அண்டைக்கு ராவு முழுக்க எனக்கு நித்திரையில்லை. விடிய எழும்பி பிளானை விரிச்சுவைச்சுப் பாத்தன். பேந்துதான் மரமண்டைக்கு விளங்கினது. ஒழுங்கை முழுக்க அகட்ட ஒரு தேவையுமில்லை. நெரிசல் ஒரேயொரு படலையடியிலை. அந்தப் படலையடியை மட்டும் அகட்டினால் காணும். ஐயாவின்ரை மதிலை எட்டடி உள்ளுக்குத் தள்ளி, ஒழுங்கைக்கு ஒரு தொப்பை வைச்ச மாதிரி ஒரு தரிப்பிடம். மறிபடுற வாகனம் அதுக்குள்ளை நிக்கும், மற்றது போகும். அக்காவின்ரை பக்கம் ஒரு கல்லும் அசையாது. என்ஜினியருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னன். அவர் சிரிச்சார். அவருக்கும் ஜீப்பிலை போகேக்கை விளங்கியிருக்கவேணும். "அந்த ஐயாவின்ரை சம்மதத்தை மட்டும் எடுங்கோ" எண்டார்.

அதுதான் பெரிய வேலை. கதிரையிலை இருத்திவைச்சுப் பிளானைக் காட்டினன். விரலாலை கோட்டைத் தடவித் தடவிப் பாத்தார்.

"ஏன் பிள்ளை என்ரை வளவிலை மட்டும் எடுக்கிறியள்?"

சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. "ஐயா, கோவிக்காதையுங்கோ. நெரிசல் றோட்டாலை இல்லை. உங்களாலைதான். நீங்கள் மறிக்கிறியள், சனம் நிக்குது. நீங்கள் வவுனியாவுக்குப் போன அண்டைக்கு ஒரு வாகனமும் நிக்கேல்லை."

அவர் ஒண்டும் கதைக்கேல்லை. அந்த மனிசன் தானாக் கதைக்காமல் இருந்ததை அண்டைக்குத்தான் கண்டன். துவாயாலை முகத்தைத் துடைச்சார்.

"அவ்வளவு சனமும் எனக்காகவோ நிண்டது?" எண்டு கேட்டார்.

"ஓம் ஐயா."

"நான் நினைச்சன், றோட்டு ஒடுக்கம், போகேலாமல் நிக்கினம், நிக்கிற நேரம் பாவம் ரெண்டு கதை கதைப்பம் எண்டு." ஒழுங்கைப் பக்கம் திரும்பினார். "அகட்டினால் ஒருத்தரும் நிக்கமாட்டினம் எண்டு தெரிஞ்சுதான் பிள்ளை மனு எழுதினனான். சனம் அந்தரப்படுகுதே எண்டு."

பேந்து பேனையை வேண்டிக் கையெழுத்து வைச்சார். வைச்சுப்போட்டு, "எட்டடி காணுமே? லொறி பின்பக்கம் வெளியிலை நிக்குமெல்லோ. பத்தாப் போடுங்கோ" எண்டார். பத்தாவே போட்டன். ஏழாம் நிரலிலை "வாகனங்கள் ஓரிடத்தில் தரித்து நிற்றல்" எண்டு எழுதினன். பொய்யில்லையே.

மூண்டு வருசம் அந்தத் தொப்பைக்குள்ளை ஒரு வாங்கும் போட்டு ராசா மாதிரி இருந்தார். பேந்து மகள் வந்து கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போட்டா. பேரை நான் இதிலை எழுதேல்லை. எழுதினால் சந்தோசப்படுவார், அந்தச் சந்தோசத்திலை ஒரு மணித்தியாலம் கதைப்பார்.

போன கிழமை வேறை அலுவலா அந்தப் பக்கம் போனனான். தரிப்பிடத்திலை அக்கா இப்ப மேசை கதிரை போட்டிருக்கிறா, சனம் இருந்து சாப்பிடுது. ஸ்கூட்டி விட இடமில்லை. ரெலிபோன் அடிச்சது. நடு ஒழுங்கையிலேயே ஒரு காலை ஊண்டிக்கொண்டு எடுத்தன்.

"பிள்ளை, இஞ்சை றோட்டு எட்டு வாகனம் ஒண்டாப் போற அகலம். ஒருத்தரும் நிக்கினமில்லை."

"கேட்டுப் பாத்தனீங்களோ ஐயா?"

"கேட்டனான். கண்ணாடியை ஏத்திக்கொண்டு போகினம்." என்ரை பக்கத்துச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேணும். "வெளியிலை நிக்கிறியள் போலை. தூரமோ?"

"இல்லை ஐயா, உதிலைதான்."

"உதிலையெண்டால்?"

ஸ்கூட்டியின்ரை என்ஜினை நிப்பாட்டினன். எவடத்திலை நிக்கிறன் எண்டதைச் சொன்னன். மாஸ்ரற்றை பல்லு, அக்காவின்ரை மூத்தவளின்ரை சோதினை, லொறிக்காரன் புது லொறி எடுத்தது எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார், ஒவ்வொண்டாச் சொன்னன். கொஞ்ச நேரத்தாலை பின்னாலை ஹோர்ன் அடிச்சுது. திரும்பிப் பாத்தால் புதுத் தேங்காய் லொறி, அதுக்குப் பின்னாலை ஒரு வான், அதுக்கும் பின்னாலை என்னென்னவோ.

"என்ன பிள்ளை சத்தம்? நெரிசலோ?"

"ஓம் ஐயா. பொல்லாத நெரிசல். ஒருத்தராலையும் போகேலாமல் கிடக்கு."

"பாவம் சனம்" எண்டார். அவற்றை குரலிலை அவ்வளவு சந்தோசம்.